புதிய நகரத்தில் நண்பர்களைப் பெறுவது எப்படி? அறிமுகம் முதல் மனம்விட்டுப் பேசும் நட்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய நகரத்துக்குக் குடிவந்த மூன்றாம் வாரம், நான் வாங்கியிருந்த எழுதும் மேசையைக் கொண்டுவந்தவர்கள் மாடிப்படியின் அடியில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். என் வீடு மூன்றாவது மாடியில். மேசையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிந்தது. மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. கைபேசியில் நானூறு எண்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய தொலைவில் ஒருவர்கூட இல்லை. அன்றிரவு மேசை படியடியிலேயே கிடந்தது.

வேலை கிடைத்துவிட்டது, வீடும் அமைந்துவிட்டது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூப்பிட்டுப் பேச ஆள் இல்லை என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காதலோ கல்யாணமோ தேடுவது பற்றி இதில் எதுவும் இல்லை. நட்பைப் பற்றி மட்டும்தான்.

முதல் படி: ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

நண்பர்கள் அமையவில்லை என்று வருந்தும் பெரியவர்கள் பெரும்பாலும் தங்கள் குணத்தையே குறைசொல்லிக்கொள்கிறார்கள். "எனக்குப் பழகத் தெரியாது" என்கிறார்கள். அதே குணத்தோடுதானே பள்ளியிலும் கல்லூரியிலும் நண்பர்களைப் பெற்றார்கள்? அங்கே நாள்தோறும் ஆறேழு மணி நேரம் அதே முகங்களோடு அடைபட்டுக் கிடந்தோம். நட்புக்குத் தேவையான நேரம் நாம் கேட்காமலேயே கிடைத்தது. இப்போது அந்த நேரத்தை நாமேதான் உண்டாக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. அண்மையில் ஊர் மாறி வந்து புதிய நண்பர்களைத் தேடிக்கொண்டிருந்த 355 பெரியவர்களும் அதில் பங்கெடுத்தவர்கள். ஆகவே நம் நிலைமைக்கு நன்றாகவே பொருந்துகிறது. வெறும் அறிமுகம் ஓரளவு நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரம். தயங்காமல் "என் நண்பர்" என்று சொல்ல ஏறத்தாழ 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். வேலையிடத்தில் ஒன்றாகக் கழிக்கும் மணிகளுக்கு இதில் மதிப்பு குறைவு என்பதையும் அந்த ஆய்வு கண்டது. எட்டு மணி நேரம் பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஏன் இன்னும் நண்பராகவில்லை என்று குழம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒருவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணியை எட்ட 25 வாரங்கள் ஆகும். 200 மணிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். வாரத்தில் இன்னொரு நாளும் இரண்டு மணி நேரம் சேர்த்தால் இரண்டும் பாதியாகிவிடும். மூன்று மாதம் ஒரு வகுப்புக்குப் போய்விட்டு "யாரும் ஒட்டவில்லை" என்று நின்றுவிட்ட பலரை எனக்குத் தெரியும். அவர்கள் தோற்கவில்லை. பாதி வழியில் இறங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எந்தத் தனிமை என்று பாருங்கள்

சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, மனத்தைத் திறந்து காட்ட நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை. மற்றது, நாம் சேர்ந்திருக்க ஒரு கூட்டம் இல்லாத தனிமை. ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது. கணவன் மனைவியாகச் சேர்ந்து குடிபெயர்ந்தவர்கள் இதை அறிந்துகொள்வது மிகவும் நல்லது. வீட்டில் அன்பான துணை இருந்தும் மனம் வாடுகிறதே என்று குற்ற உணர்வு கொள்கிறார்கள். ஒருவர் மற்றவரிடமே எல்லாவற்றையும் எதிர்பார்த்துச் சலித்தும் போகிறார்கள். அவர்களுக்குக் குறைவது கூட்டம். ஆளுக்கொரு குழுவைத் தனித்தனியாகத் தேடிக்கொள்வது இருவருக்கும் மூச்சுவிட இடம் தரும்.

எத்தனை பேர் வேண்டும் என்று மலைக்கவும் தேவையில்லை. மனித உறவுகளின் அளவை ஆராய்ந்த ராபின் டன்பார், மிக நெருங்கிய வட்டத்தில் ஐந்து பேரும், அடுத்த வட்டத்தையும் சேர்த்தால் பதினைந்து பேரும்தான் பொதுவாக இருப்பார்கள் என்கிறார். அந்த ஐந்தில் உங்கள் குடும்பத்தாரும் பழைய நண்பர்களும் ஏற்கனவே சிலராக இருப்பார்கள். புதிய நகரத்தில் இரண்டு பேர் அமைந்தால் வாழ்க்கையின் நிறமே மாறிவிடும். இரண்டு பேரைத்தான் தேடுகிறோம்.

மூன்றாம் படி: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் எதையாவது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். புதுமுகங்களைத் தேடி ஊர் முழுக்க அலையாதீர்கள். ஒரே முகங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் இடத்தில் போய் உட்காருங்கள்.

1950இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில் லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் குடியிருப்பு ஒன்றில் யார் யாருக்கு நண்பர் என்று வீடுவீடாகக் கேட்டார்கள். ஒரே தளத்தில் அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். இடையில் இருந்த தொலைவு நூறு அடிகூட இல்லை. போகும்போதும் வரும்போதும் எதிர்ப்படுவதே அங்கே நட்பைத் தீர்மானித்தது. 1992இல் ரிச்சர்ட் மோர்லேண்டும் ஸ்காட் பீச்சும் செய்த சோதனை இன்னும் வியப்பானது. நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு வேறுவேறு எண்ணிக்கையில் அனுப்பினார்கள்: ஒருவர் ஒருமுறைகூடப் போகவில்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை. யாரும் யாரோடும் பேசவில்லை. பருவ இறுதியில் புகைப்படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவரையே மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. வாய் திறப்பதற்கு முன்பே, தவறாமல் வந்து நிற்பதே உங்களுக்காக வேலை செய்கிறது.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். வாரந்தோறும் நடக்கிறதா? பெரும்பாலும் அதே ஆட்கள் வருகிறார்களா? கைக்கு ஒரு வேலையும் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கிறதா? மொழி வகுப்பு, சேர்ந்து பாடும் குழு, வாசிப்பு வட்டம், காலை நடைக் குழு, பேட்மின்டன், சதுரங்கம், வாரம் ஒருநாள் தன்னார்வப் பணி ஆகிய எல்லாம் தேறும். தனித்தனியாகக் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு செய்யும் உடற்பயிற்சிக்கூடம் தேறாது. ஒருநாள் கருத்தரங்கு தேறாது. "புதியவர்கள் சந்திப்பு" என்று நூறு பேர் கூடும் மாலையும் என் அனுபவத்தில் தேறாது. பதினைந்து பேரிடம் பெயர் சொல்லிவிட்டு, ஒருவரையும் மறுபடி பார்க்காமல் வீடு திரும்புவீர்கள்.

வீட்டுக்கு அருகில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரம் பயணம் செய்து போகும் அருமையான குழுவைவிட, நடந்தே போகக்கூடிய சுமாரான குழு மேல். சோர்ந்துபோன நாளிலும் அங்கே போவீர்கள். திரும்பும் வழியில் யாராவது கூட நடந்து வருவார்கள்.

கூடவே இன்னொன்று: பழைய நண்பர்களிடம் "அந்த ஊரில் உனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். மேலோட்டமான தொடர்புகள் வழியாகவே நமக்குப் புதிய வாய்ப்புகள் வருகின்றன என்று மார்க் கிரானோவெட்டர் 1973இல் காட்டினார். அவர் ஆராய்ந்தது வேலை தேடுவதைப் பற்றி, ஆனால் ஆள் தேடுவதற்கும் அது பொருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

நான்காம் படி: முதல் எட்டு வாரங்கள்

எட்டு முறை போகும்வரை எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். முதல் நாள் எல்லோரும் ஏற்கனவே ஒருவருக்கொருவர் நெருங்கியவர்கள் போலவும், நாம் மட்டும் வேலிக்கு வெளியே நிற்பது போலவும் தோன்றும். மூன்றாம் வாரத்தில்தான் அவர்களில் பாதிப் பேருக்கு மற்றவர் பெயரே தெரியாது என்பது தெரியவரும்.

பெயரை நினைவில் வையுங்கள். வீடு திரும்பியதும் கைபேசியில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: பெயர், அவர் சொன்ன ஒரு செய்தி. "மகளுக்குத் தேர்வு வரும் திங்கள்." அடுத்த வாரம் "தேர்வு எப்படிப் போயிற்று?" என்று நீங்கள் கேட்கும்போது எதிரில் இருப்பவர் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள். இதை ஏதோ தந்திரம் என்று சிலர் கூசுகிறார்கள். ஒருவர் சொன்னதை மறக்காமல் இருப்பது அக்கறைதான். அக்கறைக்குக் குறிப்பேடு துணைபுரிவதில் தவறில்லை.

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள், பத்து நிமிடம் பின்னதாகக் கிளம்புங்கள். நான் சேர்ந்த பேட்மின்டன் குழுவில் ஆட்டத்தின்போது யாரும் பேசுவதில்லை. எல்லாப் பேச்சும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்கும்போதுதான். முதல் மாதம் முழுக்க நான் ஆட்டம் முடிந்த கையோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல், பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒருநாள் நாடாவில் முடிச்சு விழுந்து இறுகிவிட்டது. குனிந்து நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் "ஈர நாடா அப்படித்தான், விடாது" என்றார். அவருக்கு முழங்கால் வலி இருப்பது, நான் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே அவர் இருப்பது, அவரும் வேறொரு நகரத்திலிருந்து வந்தவர் என்பது எல்லாம் அந்த முடிச்சு அவிழ்வதற்குள் தெரிந்துவிட்டன. அன்றிலிருந்து நான் அவசரப்பட்டுக் கிளம்புவதில்லை.

ஐந்தாம் படி: பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்குங்கள்

பேசி முடித்து வீடு திரும்பும்போது "உளறிவிட்டேன், அவருக்கு என்னைப் பிடித்திருக்காது" என்று மனம் சொல்லும். அதை நம்பாதீர்கள். எரிகா பூத்பியும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வுகளில், முதன்முறை பேசிக்கொண்ட இருவருமே மற்றவருக்குத் தம்மைப் பிடித்த அளவைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். நீங்கள் நினைப்பதைவிட உங்களைப் பிடித்திருக்கிறது. அவரும் இப்போது தன் வீட்டில் இதே கவலையோடு உட்கார்ந்திருக்கலாம்.

ஒருவர் சொன்னதைப் பற்றியே மேலும் ஒரு கேள்வி கேளுங்கள். புதுப்புதுக் கேள்விகளை அடுக்கினால் நேர்காணல் போலாகிவிடும். அவர் "போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்" என்றால், "எந்த ஊர்?" என்பதோடு நிற்காமல் "போய்விட்டுத் திரும்பும்போது கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்கலாம். கேட்டுக்கொண்டே இருந்தாலும் போதாது. உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்தர் ஆரோன் 1997இல் நடத்திய சோதனையில், முன்பின் தெரியாத இருவர் 45 நிமிடங்களில் நெருக்கமாக உணர்ந்தார்கள். அங்கே நடந்தது இதுதான்: இலேசான கேள்விகளில் தொடங்கிப் படிப்படியாக மனத்துக்கு நெருக்கமானவற்றுக்குப் போனார்கள், இருவரும் மாறிமாறிச் சொன்னார்கள். ஒருவர் ஓர் அடி வைத்தால் மற்றவரும் ஓர் அடி. இரண்டாம் சந்திப்பிலேயே பத்து ஆண்டுத் துயரத்தைக் கொட்டினால் எதிரில் இருப்பவர் திணறிப்போவார். ஆறு மாதமாகியும் போக்குவரத்தையும் வானிலையையும் தாண்டவில்லையென்றால் அதுவும் நட்பாக வளராது. "இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சில நாட்கள் மிகவும் தனியாக இருப்பதுபோல் தோன்றுகிறது" என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பெரும்பாலும் பெருமூச்சு விட்டு "எனக்கும் அப்படித்தான்" என்பார்.

ஆறாம் படி: அழைப்பது நீங்களாக இருங்கள்

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். வாரந்தோறும் பார்க்கிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள், "ஒருநாள் சந்திப்போம்" என்கிறார்கள். அந்த ஒருநாள் வருவதே இல்லை. நாள், நேரம், இடம் மூன்றும் இல்லாத அழைப்பு வெறும் நல்லெண்ணம்தான்.

இப்படி அனுப்பிப் பாருங்கள்: "சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்கப் போகிறேன். நேரமிருந்தால் வாருங்கள், சேர்ந்து நடக்கலாம். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, நான் எப்படியும் போவேன்." கடைசி வரியைக் கவனியுங்கள். மறுப்பதற்கு அவருக்கு இடம் இருக்கிறது. அவர் மறுத்தால் உங்கள் சனிக்கிழமையும் கெடப் போவதில்லை. முதல் அழைப்பு சிறியதாக இருக்கட்டும். இரவு முழுக்க நீளும் விருந்துக்கு அரைகுறை அறிமுகமானவரை அழைப்பது இருவருக்குமே சுமை.

மறுத்தால்? "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் வரட்டுமா?" என்றால் விருப்பம் இருக்கிறது. "முடியாது, மன்னிக்கவும்" என்று மட்டும் வந்தால் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். அதற்கும் அதே பதில் என்றால் விட்டுவிடுங்கள். குழுவில் பார்க்கும்போது பழையபடி சிரித்துப் பேசுங்கள். பெரியவர்களின் வாழ்க்கையில் நேரமின்மை உண்மையானது. சிறு குழந்தை, வயதான பெற்றோர், இரவு வேலை இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் பின்னால் இருக்கும்.

அழைப்பதெல்லாம் நான் ஒருவன்தானா என்று ஒரு கட்டத்தில் மனம் சுருங்கும். எனக்கும் சுருங்கியது. சிலருக்கு அழைக்கவே வராது. அழைத்தால் தவறாமல் வருவார்கள். வருகிறவரைத் தொடர்ந்து அழையுங்கள். வந்தும் வராமலும் இருப்பவரிடம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: குழுவுக்கு வெளியே கொண்டுவாருங்கள்

வகுப்பில் மட்டும் பார்த்துக்கொள்பவர்கள் வகுப்பு முடிந்தால் பிரிந்துவிடுவார்கள். இன்னோர் இடத்தில், இன்னொரு வேலையில் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை; நீங்கள் எப்படியும் செய்யப்போகும் வேலையில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டம் வாங்கப் போகும்போது "எது பொருந்துகிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்" என்று அழைக்கலாம்.

உதவி கேட்கத் தயங்காதீர்கள். அந்த மேசைக்கு வருகிறேன். மறுநாள் காலை, அதுவரை தலையசைத்ததோடு சரி என்றிருந்த முதல் மாடிக்காரரின் கதவைத் தட்டினேன். "ஒரு முனையைப் பிடிக்க முடியுமா?" என்று கேட்க எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் செருப்பைக்கூடப் போடாமல் வந்துவிட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் மேசையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு "என் பக்கம் கொஞ்சம்... போதும், போதும்" என்று சொன்னபடியே வந்தார். அன்றுவரை எனக்கு அவர் பெயர் தெரியாது. அடுத்த மாதம் அவர் வெளியூர் போனபோது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நமக்கு உதவியவருக்கு நம்மீது பற்று கூடுகிறது என்று 1969இல் ஜெக்கரும் லேண்டியும் செய்த சோதனையில் கண்டார்கள். அளவான உதவியாகக் கேளுங்கள், திருப்பிச் செய்யவும் தயாராக இருங்கள்.

நட்பு முதிர்வதைத் தமிழே காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் பேச்சின் வேகத்தில் "நீங்கள்" நழுவி "நீ" வந்து விழும். விழுந்தால் திருத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டாம். வராவிட்டால் வலிந்து கொண்டுவரவும் வேண்டாம். காலமெல்லாம் "நீங்கள்" என்றே பேசிக்கொள்ளும் ஆழ்ந்த நட்புகளும் உண்டு.

ஆணும் பெண்ணும் நண்பர்களாகும்போது

புதிய ஊரில் ஓர் ஆணும் பெண்ணும் பழகும்போது, நோக்கம் என்ன என்ற ஐயம் ஒருவருக்காவது இருக்கும். முதல் சில சந்திப்புகளைக் குழுவோடோ பகல் நேரத்திலோ வைத்துக்கொள்வது அந்த ஐயத்தைக் குறைக்கும். துணைவர் இருந்தால் பேச்சில் இயல்பாகக் குறிப்பிடுங்கள். வாய்ப்பு வரும்போது அறிமுகப்படுத்துங்கள். குழப்பம் தெரிந்தால் நேராகச் சொல்வதே மரியாதை: "உங்களோடு பழகுவது எனக்குப் பிடித்திருக்கிறது. நட்பாக மட்டுமே நினைக்கிறேன். அது உங்களுக்குச் சரிதானே?" ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டால் மற்றவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். நட்பு என்ற பெயரில் காத்திருந்து மனம் மாறுமா என்று பார்ப்பது ஏமாற்று.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

தனிமையில் இருப்பவரைத் தேடி வருபவர்கள் எல்லோரும் நட்புக்காக வருவதில்லை. எடுத்த எடுப்பிலேயே அளவுகடந்த அன்பு, தினமும் அழைப்பு, மூன்றாம் வாரம் ஒரு "தொழில் வாய்ப்பு" கூட்டம் அல்லது அவசரக் கடன் என்று போனால் விலகிவிடுங்கள். ஒரு சின்ன விஷயத்துக்கு "வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். நண்பர் ஏற்றுக்கொள்வார், மற்றவர் அழுத்துவார். செயலிகள் வழியாக அறிமுகமானவரை முதன்முறை பொது இடத்தில் சந்தியுங்கள், எங்கே போகிறீர்கள் என்பதை வீட்டாரிடமோ பழைய நண்பரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். செயலி அறிமுகத்துக்கு உதவும். அதற்குப் பிறகு மேலே சொன்ன மணிக்கணக்குதான்.

ஆறு மாதம் கழித்து

குழுவுக்கு வெளியே யாரையாவது சந்தித்தீர்களா? இல்லையென்றால் குறை அழைப்பில் இருக்கிறது; ஆறாம் படிக்குத் திரும்புங்கள். அழைத்தும் யாரும் வரவில்லையா? குழுவை மாற்றுங்கள், உங்களை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சந்திக்கிறீர்கள், ஆனால் பேச்சு மேலோட்டமாகவே நிற்கிறதா? அடுத்தமுறை கனமான ஒன்றை நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

ஊர் மாறி வந்தவர்களின் நட்பில் இன்னொரு வலியும் உண்டு: அவர்களும் ஊர் மாறிப் போவார்கள். எங்கள் பேட்மின்டன் குழுவில் புதன்கிழமை இரவுதோறும் "நாளை யார் யார்?" என்று ஒரு பெண் செய்தி அனுப்புவார். அதற்கு ஆளாளுக்குக் கைதூக்குவோம். அவருக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த புதன்கிழமை செய்தி வரவில்லை. வியாழக்கிழமை யாரும் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. குழுவை இத்தனை நாள் தாங்கியது அந்த மூன்று சொற்கள்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மூன்றாம் புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் அனுப்பினேன். "நாளை யார் யார்?" முதலில் கைதூக்கியவர் அந்த முழங்கால் வலிக்காரர். வியாழக்கிழமை ஏழு பேர் வந்திருந்தோம்.